பாங்கு நேரத்து நாய்

நாய் வளர்க்க வேண்டும் என்று நான் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. என் கணவரின் தம்பிக்குச் சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. கை நிறையச் சம்பளம் வந்ததும் ஒரு லாப்ரடார் குட்டி வாங்கினான். அது கன்றுக்குட்டி கணக்காக வளர்ந்து நின்ற சமயத்தில் அவனை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். "ஆறே மாசம் அண்ணி, வந்ததும் கூட்டிட்டுப் போயிடறேன்" என்று சொல்லி, நாயையும் சங்கிலியையும் தட்டையும் ஊசி போட்ட அட்டையையும் எங்கள் மாடம்பாக்கம் வீட்டில் இறக்கிவிட்டுப் போனான். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. எங்கள் பக்கத்தில் பாதி நாய்கள் இப்படி வந்து சேர்ந்தவைதான். அவனுக்கு கிரீன் கார்டு கிடைத்தது, எனக்கு நாய் கிடைத்தது.

கணவருக்கு மறைமலை நகர் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பகலில் தூங்குவார், இல்லாவிட்டால் வீட்டிலேயே இருக்கமாட்டார். ஆகவே நாயை வெளியே கூட்டிப்போவது என் தலையில் விழுந்தது. நான் தாம்பரத்தில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. ஐந்தரைக்குக் கிளம்பி, பஸ்ஸில் தொங்கி, ஆறு மணி சுமாருக்கு வீட்டுக் கேட்டைத் திறப்பேன். காபி குடிக்கக்கூட விடாது. புடவையை மாற்றாமலேயே சங்கிலியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்க வேண்டும். அது என்னைக் கூட்டிப்போகும், நான் பின்னால் ஓடுவேன். வலது மணிக்கட்டில் எந்நேரமும் ஒரு வலி இருந்துகொண்டே இருந்தது.

தெரு எங்களைக் கண்டதும் இரண்டாகப் பிரியும். டியூஷன் போகும் பெண்பிள்ளைகள் எதிர் ஓரத்துக்குத் தாவுவார்கள். சிலிண்டர் போடுகிறவர் வண்டியை விட்டே இறங்கமாட்டார்.

"இன்னாக்கா, கடிக்குமா?"

"கடிக்காதுப்பா. ஒண்ணும் பண்ணாது."

"அது உனக்குத் தெரியுது. அதுக்குத் தெரியுமா? நீ புடிச்சுகினு நில்லு, நான் வச்சிட்டுப் போயிக்கிறேன்."

முதலில் சிரித்தேன். பிறகு எரிச்சல் வந்தது. நாய் வைத்திருக்கிறவர்களுக்கு வரும் ஒரு கிறுக்கு எனக்கும் வந்துவிட்டது என்று இப்போது தெரிகிறது. தன் பிள்ளை அடித்தால் விளையாட்டு, அடுத்தவன் பிள்ளை அடித்தால் ரவுடித்தனம் என்பார்களே, அந்தக் கதைதான். பயப்படுகிறவர்கள்மேல்தான் கோபம் வருமே தவிர, என்மேல் ஒருநாளும் வந்ததில்லை.

இரண்டு தெரு தள்ளி ஒரு பாய் குடியிருந்தார். கேம்ப் ரோட்டில் ஹார்டுவேர் கடை. எங்கள் வீட்டுக் குழாய், தாழ்ப்பாள் எல்லாமே அவர் கடையில் வாங்கியதுதான். ஐம்பத்தைந்து வயதிருக்கும். சாயங்காலத் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற நேரத்தில் வெள்ளைக் கைலியும் தொப்பியுமாக எங்கள் தெரு வழியாகத்தான் பள்ளிவாசலுக்கு நடப்பார். அவர் தொழப்போகும் நேரமும் நான் நாயோடு இறங்கும் நேரமும் ஒன்று. வேறு நேரம் எனக்கும் இல்லை, அவருக்கும் இல்லை. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நாய் மேலே படாமல், நேரத்துக்குப் பள்ளிவாசல் போய்ச் சேர வேண்டும்.

எங்களைப் பார்த்ததும் கைலியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மதிலோடு மதிலாக நின்றுவிடுவார். "ஒண்ணும் பண்ணாது பாய், நீங்க வாங்க" என்பேன். "இருக்கட்டும்மா, நீங்க போங்க" என்பார். நாங்கள் தாண்டிய பிறகுதான் அசைவார். இரண்டு வருடம் தினம் இதே நாடகம். மனிதருக்கு இவ்வளவு பயமா என்று நினைத்துக்கொள்வேன்.

தெருக்கோடியில் வீடு கட்டாத இரண்டு மனைகள் காலியாகக் கிடந்தன. அங்கே போனதும் கொக்கியைக் கழற்றிவிடுவது என் வழக்கம். நாய் ஓடியாடட்டும் என்று வெளியே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் கைக்கு ஐந்து நிமிஷம் ஓய்வு வேண்டியிருந்தது. ஒருநாள் அலுவலகத்தில் இரண்டு பேர் லீவு, அவர்கள் வேலையும் என் மேஜையில். மனை வரைக்கும் போகப் பொறுமை இல்லாமல் தெரு நடுவிலேயே கழற்றிவிட்டேன். தண்ணி லாரி சிந்திய சேற்றில் நாய் ஒருமுறை புரண்டு எழுந்தது. எதிரே பாய் வந்துகொண்டிருந்தார். வழக்கத்தைவிட வேகமாக, கிட்டத்தட்ட ஓட்டமாக. இரண்டு வருடமாகத் தூரத்திலேயே பார்த்த மனிதர் ஓடிவருகிறாரே என்று அதற்குக் கொண்டாட்டம். நான் கத்துவதற்குள் பாய்ந்து இரண்டு காலையும் அவர் வயிற்றில் ஊன்றி, கையை நக்கிவிட்டது.

அவர் கத்தவில்லை. ஒரு வார்த்தை திட்டவில்லை. கையைப் பார்த்தார், கைலியைப் பார்த்தார், பள்ளிவாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். நான் ஓடிவந்து நாயை இழுத்துப் பிடித்தேன்.

"சாரி பாய், விளையாட்டுக்குத்தான் பண்ணிச்சு."

"பரவால்லம்மா" என்று சொல்லி வந்த வழியே திரும்பி வேகமாக நடந்தார்.

அவர் அப்படித் திரும்பிப் போனது எனக்குச் சுருக்கென்றது. வாரம் தவறாமல் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுகிற நாய். அது தொட்டால் அவ்வளவு அசிங்கமா என்று வீடு வரைக்கும் புகைந்துகொண்டே வந்தேன். மறுநாள் காலையில் ஷிப்ட் முடிந்து வந்த கணவரிடம் கொட்டினேன். அவரோடு முஸ்லிம்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். "அசிங்கம்னு இல்லடி. நாய் எச்சில் பட்டா அப்படியே போய்த் தொழ முடியாது. பட்ட இடத்தை ஏழு தடவை கழுவணும், அதுல ஒரு தடவை மண்ணு கரைச்ச தண்ணில. துணியும் மாத்தணும். அவரு வேற என்ன பண்ணுவாரு?" என்றார்.

இது தெரிந்ததும் வெட்கமாகிவிட்டது. எங்கள் வீட்டு வழக்கப்படி யோசித்தேன். துணி கெட்டது என்றால் புதுத்துணி எடுத்துக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. அந்த வாரமே தாம்பரம் மார்க்கெட்டில் நல்ல வெள்ளைக் கைலி ஒன்று எடுத்து, வீட்டுக்கு வரும் வழியில் கேம்ப் ரோட்டில் இறங்கி அவர் கடைக்குப் போனேன். அன்று அரை நாள் லீவு போட்டு மதியத்தோடு கிளம்பிவிட்டிருந்தேன், வெயில் இறங்கவில்லை. கடையில் அவர் மட்டும்தான் இருந்தார். பொட்டலத்தை மேஜைமேல் வைத்து, "அன்னைக்கு உங்க கைலி வீணாப்போச்சு பாய், தப்பா நினைச்சுக்காதீங்க" என்றேன்.

பிரித்துப் பார்த்தார். மடிப்புக் கலையாமல் மறுபடி சுற்றி என் பக்கமே நகர்த்தினார்.

"துணிக்கு என்னம்மா, கழுவினா சுத்தம். அதையேதான் இன்னமும் கட்டுறேன். இதை வீட்ல சாருக்குக் குடுங்க."

"இல்ல பாய், அன்னைக்கு உங்களுக்குத் தொழுகை வேற தவறிப்போயிருக்கும்."

அவர் ஆணி டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார்.

"மத்த நாள்னா வீட்லயே தொழுதுருப்பேன். அன்னைக்கு என் கூட்டாளி மௌத்து, இறந்துட்டாரு. இந்தக் கடையை நானும் அவரும் சேந்துதான் போட்டோம். மஃரிபு, அதான் சாயங்காலத் தொழுகை, முடிஞ்ச உடனே அவரை அடக்கத்துக்குத் தூக்குறதுக்கு முன்னாடி ஜனாஸா தொழுகை, அது ரெண்டே நிமிஷம்தான். நான் கழுவி, துணி மாத்திப் போறதுக்குள்ள தூக்கிட்டாங்க. மண்ணு அள்ளிப் போடத்தான் போய்ச் சேந்தேன்."

மன்னிப்புக் கேட்டேனா என்பதுகூட இப்போது நினைவில்லை. கேட்டிருந்தாலும் அது எந்த மூலைக்கு? ஒரு கொக்கியைக் கழற்றாமல் இன்னும் இருபதடி நடந்திருந்தால் போதும். அதற்கு எனக்கு உடம்பு வணங்கவில்லை.

"பாங்கு சொல்றப்ப ஒரு அரை மணி மட்டும் கேட்டுக்குள்ள கட்டி வச்சிங்கன்னா போதும்மா" என்றார்.

"ஏன் பாய், இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"ரெண்டு வருஷமா சொல்லணும்னுதான் இருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி நீங்க வர்ற களைப்பைப் பாத்தா, கேக்க மனசு வரலம்மா."

கைலிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கேம்ப் ரோட்டிலிருந்து நடந்தே வந்தேன். இரண்டு பஸ் தாண்டிப் போனது, கையை நீட்டவில்லை. ஏறியிருந்தால், என் களைப்பைப் பார்த்து யாராவது எழுந்து உட்காரச் சொல்லியிருந்தால், அங்கேயே அழுதிருப்பேன்.