ரத்தினபாயின் ஞாயிற்றுக்கிழமை

என் அண்ணி ரத்தினபாயின் பேரை எடுத்தால் எங்கள் கிறிஸ்தவச் சபையில் இன்றைக்கும் இரண்டு கட்சி. ஒரு கட்சி, "அவளா, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வராதவள்" என்று உதட்டைப் பிதுக்கும். இன்னொரு கட்சிக்குத் தலைவி, தொண்டர், கொடி பிடிக்கிறவள் எல்லாம் நான்தான். தபீதாளுக்கு வாய் நீளம் என்று மேற்குத் தாம்பரம் முழுக்கச் சொல்வார்கள். சொல்லட்டுமே. அண்ணி அதிகம் பேசாதவள். வீட்டுக்கு ஒரு நீள வாயாவது வேண்டாமா?

அண்ணி திருநெல்வேலிப் பக்கம் நாசரேத்தில் பிறந்தவள். என் அண்ணன் தனசிங்கைக் கட்டிக்கொண்டு தாம்பரத்துக்கு வந்தாள். எங்கள் ஜனத்தில் படித்த பெண் என்றால் டீச்சர், இல்லாவிட்டால் நர்ஸ். அண்ணி மட்டும் நூலகப் படிப்புப் படித்துவிட்டு வந்தாள். "அது என்ன வேலைம்மா, புத்தகத்துக்குத் தூசி தட்டுறதா?" என்று கல்யாணப் பந்தியிலேயே ஒரு மாமி கேட்டார். "ஆமாம் மாமி, படிக்கிறவங்க மண்டையிலயும் கொஞ்சம் தட்டுவோம்" என்று அண்ணி சொன்னாள். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது.

அறுபத்தைந்தில் தாம்பரம் கிளை நூலகத்துக்கு வந்து சேர்ந்தாள். கிளை நூலகம் என்றதும் பெரிய கட்டிடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் காலத்தில் ஊரில் மனசுள்ள யாராவது வீட்டின் ஒரு பகுதியை வாடகையில்லாமல் கொடுத்தால் லைப்ரரி உண்டு. சர்க்கார் புத்தகமும் சம்பளமும் கொடுக்கும், கூரை கொடுக்காது. வீட்டுக்காரர் முகம் கோணினால் புத்தகமெல்லாம் தெருவில். எங்கள் ஊரில் அந்த மனசுள்ளவர் வேதசிரோமணி ஐயா. எங்கள் சபைக் கமிட்டிக்குச் செயலாளர். பாரிமுனையில் ஒரு கப்பல் கம்பெனியில் தலைமை குமாஸ்தா. கோயிலை ஒட்டியிருந்த தன் வீட்டின் முன்கட்டைக் காலஞ்சென்ற தகப்பனார் ஞாபகமாக லைப்ரரிக்குக் கொடுத்திருந்தார்.

அங்கே அண்ணிக்கு முன்னால் இருந்தவர் பீரோக்களைப் பூட்டியே வைத்திருந்தார். புத்தகம் தொலைந்தால் அவர் தலையில்தான் விடியும். அதனால் யாரும் தொடாத புத்தகமே பத்திரமான புத்தகம் என்று முடிவு கட்டிவிட்டார். கண்ணாடிக்கு வெளியே நின்று விரலால் காட்ட வேண்டும். அவர் மனசு வைத்தால் எடுத்துத் தருவார். அண்ணி வந்த அன்றே எல்லாப் பூட்டையும் கழற்றினாள். "அண்ணி, காணாமப் போனா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "போனா தேடுவோம். பூட்டி வெச்சா கரையான்தான் படிக்கும்" என்றாள்.

லைப்ரரிக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். காலை எட்டிலிருந்து பதினொன்று, சாயங்காலம் நாலிலிருந்து ஏழு. இதை யார் வகுத்தார்களோ, நன்றாக யோசித்துத்தான் வகுத்திருக்கிறார்கள். தாம்பரத்து ஆண்பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் விடிந்ததும் எலெக்ட்ரிக் டிரெயினைப் பிடித்துப் பட்டணத்துக்கு ஓடி, விளக்கு வைத்த பிறகு திரும்புகிறவர்கள். அவர்களுக்குப் புத்தகம் என்றால் ஞாயிற்றுக்கிழமைதான். சாம்பசிவன் என்று ஓர் ஏஜீஸ் ஆபீஸ்காரர் பீர்க்கன்கரணையிலிருந்து முன்கம்பியில் ஒரு பெண், கேரியரில் ஒரு பெண் என்று சைக்கிளில் வருவார். பெஞ்சு போதாமல் ஜனங்கள் தரையில் உட்கார்ந்து படிப்பார்கள்.

எங்கள் கோயிலில் அதே ஞாயிறு எட்டரைக்குத்தான் ஆராதனை. ஒரே ஆராதனை. பாடகர் குழுவில் என் பக்கத்தில் நின்று, மெட்டுக்குத் துணையாகக் கீழே ஓடும் இரண்டாம் குரலைப் பாடிக்கொண்டிருந்தவள் அண்ணி. வேலைக்குச் சேர்ந்ததோடு அது போயிற்று. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குத் தவறாமல் போவாள். ஆனால் அங்கே பாடகர் குழு கிடையாது. அதில் அவளுக்கு வருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பாத்திரம் தேய்க்கும்போது தன் இரண்டாம் குரலைத் தனியாகப் பாடுவாள். கேட்கவே பாவமாக இருக்கும். நான் உள்ளேயிருந்து முதல் குரலை எடுத்துக் கொடுப்பேன்.

அறுபத்தெட்டில், ஈஸ்டருக்கு முந்தின தபசு நாட்கள் தொடங்கிய சமயம், ஓர் இரவு ஜெபம் முடிந்ததும் வேதசிரோமணி ஐயா கோயில் வாசலில் அண்ணியைக் கூப்பிட்டார். நானும் கூட நின்றேன், கூப்பிடாவிட்டாலும் நிற்பேன்.

"ஏம்மா ரத்தினபாய், ரொம்ப நாளா மனசுல கிடந்து உறுத்துது. என் கூரைக்குக் கீழ ஓய்வு நாள்ல வேலை நடக்குது. பக்கத்துல ஆராதனை நடக்கிற நேரத்துல சைக்கிள் மணிச் சத்தம். அதைவிட, சபைப் பிள்ளை நீ ஆலயத்துக்கு வர முடியல. இனிமே ஞாயித்துக்கிழமை திறக்க வேண்டாம்."

"அது நான் முடிவு பண்றதில்லைங்கய்யா. விதி."

"விதிக்கு நான் வழி சொல்றேன். வெள்ளிக்கிழமை திறந்துக்கோ. ரிஜிஸ்தர்ல ஞாயித்துக்கிழமைன்னு எழுதிக்கோ. யார் வந்து பார்க்கப் போறாங்க?"

மனுஷன் நல்லவர். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். "பொய் எழுதிட்டு ஓய்வு நாளைப் பரிசுத்தமா வெச்சுக்கச் சொல்றீங்களாய்யா?" என்று கேட்டாள். அண்ணி விடவில்லை. "ஞாயித்துக்கிழமை ஊர்லயே அதிகமா வேலை செய்றது நம்ம போதகர்தான். அவர் செய்றது ஊழியம். நான் செய்றதும் அப்படித்தான்னு நான் நினைக்கிறேன்."

எனக்குக் கை தட்ட வேண்டும்போல் இருந்தது. ஐயாவுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. "அப்படின்னா இந்த மாசத்தோட இடத்தைக் காலி பண்ணிடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அண்ணி மேலதிகாரியைப் போய்ப் பார்த்தாள். அவர் அனுதாபமாகத்தான் பேசினாராம். ஆனால் வாடகைக்குப் பணம் ஒதுக்கவில்லை. மாத முடிவுக்குள் ஊரிலேயே வேறு இலவச இடம் கிடைக்காவிட்டால் கிளையை வண்டலூருக்கு மாற்ற வேண்டியதுதான், அங்கே ஒருவர் கட்டிடம் தரத் தயாராக இருக்கிறார் என்றார். தாம்பரத்துக்கு லைப்ரரி இல்லை என்றாகிவிடும். என் அண்ணன் தனசிங் நல்லவன். சண்டை என்றால் தலைவலி என்று படுத்துக்கொள்கிற வகை நல்லவன். "ஞாயித்துக்கிழமை மூடிட்டுப் போயேன் ரத்தினம், எதுக்கு வம்பு?" என்றான். அண்ணி அவனுக்கு அமிர்தாஞ்சன் எடுத்துக் கொடுத்துவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு இடம் தேடக் கிளம்பினாள்.

இடம் கிடைக்காமல் இல்லை. வேடிக்கை அதுதான். கேட்ட வீட்டிலெல்லாம் முதலில் முகம் மலர்ந்தது. ரிடையர் ஆன சுந்தரராமன் தன் வீட்டு மாடியைத் தருகிறேன் என்று சாவியைக்கூட எடுத்துவிட்டார். பிறகு, ராகு காலத்தில் மட்டும் கதவைத் திறக்கக்கூடாது என்றார். திங்கட்கிழமை காலை எட்டு மணியும் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணியும் நேராக அதில்தான் போய் விழுகின்றன. பஜனை மண்டபத்துக்காரர்கள் மார்கழி முழுக்க மூட வேண்டும் என்றார்கள். மீன் குழம்பு வைக்கச் சொல்லிக்கொடுக்கும் சமையல் புத்தகம் உள்ளே வரக்கூடாது என்பது அவர்கள் போட்ட கூடுதல் ஷரத்து. சரி, சாமியே வேண்டாம் என்கிறவர்களிடம் போவோம் என்று கட்சிப் படிப்பகத்துக்குப் போனோம். தாராளமா வாங்க, எல்லா நாளும் திறங்க, பக்திப் புத்தகங்களை மட்டும் வெளியே போட்டுவிடுங்கள் என்றார்கள்.

"ஓசி இடம் ஒவ்வொண்ணுக்கும் ஒரு காவல் தெய்வம் இருக்கு தபீதா" என்றாள் அண்ணி. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவள் என்னவோ சந்தைக்குக் கத்திரிக்காய் வாங்க வந்தவள் மாதிரி அடுத்த தெருவுக்கு நடந்தாள்.

ஸ்டேஷன் வாசலில் கங்கம்மா சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருந்தாள். புருஷன் செத்த பிறகு தனியாளாக நடத்துகிறாள். குரலை எடுத்தால் டிரெயின் சத்தம் கேட்காது. நாங்கள் மூன்றாவது தடவையாக அந்த வழியே போனதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"இன்னாம்மா லைப்ரரியம்மா, வூடு வூடா ஏறி எறங்கிகினு கீற? இன்னா சமாச்சாரம்?"

அண்ணி சொன்னாள்.

"அட, இதுக்கா பேஜார் பட்ற? எம் புருசன் ரிப்பேர் கடை வெச்சிருந்த ரூமு சும்மாதான் பூட்டிக் கீது. ஓடு போட்ட ரூமு, ஒயுவாது. எட்த்துக்கோ."

பட்ட அனுபவத்தில் அண்ணி உடனே கேட்டாள், "எந்த நாள்ல திறக்கக் கூடாது, அதைச் சொல்லிடும்மா."

"தொறக்கக் கூடாதா? ஞாயித்துக்கெயம நீ தொறந்தே ஆவணும். அது ஒண்ணுதான் நான் கேக்கறது."

எங்களுக்கு விளங்கவில்லை. கங்கம்மா காலியாகக் கிடந்த மூலையைக் கையால் காட்டினாள். "மத்த நாள்ல நிக்க எடம் கீதா பாரு. ஞாயித்துக்கெயம ஆபீஸ் லீவு, ஒரு சைக்கிளு வராது, ஈ ஓட்டிகினு குந்திகினு கீறேன். ஒங்காளுங்கோ அல்லாரும் சைக்கிள்லதானே வராங்கோ? இங்க வுடட்டும்."

அண்ணி நடுரோட்டில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததேயில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைசியில் ஞாயிற்றுக்கிழமை வேண்டும் என்று கேட்கவும் ஊரில் ஓர் ஆள் இருந்தாளே!

இடம் கிடைத்தது, புத்தகத்தை எப்படிக் கொண்டுபோவது? சர்க்கார் செலவில் வண்டி பிடிக்க அண்ணிக்கு அனுமதி கிடையாது, கேட்டு வாங்க அவகாசமும் இல்லை. அதற்கு அவள் செய்த யோசனைதான் எனக்கு இன்றைக்கும் பெருமை. படிக்கிறவர்கள் தினமும் காலையில் சைக்கிளில் அந்த ஸ்டாண்டுக்குத்தானே போகிறார்கள்? "வெள்ளிக்கிழமை ஸ்டேஷனுக்குப் போற வழியில ஒரு கட்டு எடுத்துட்டுப் போறீங்களா சார்?" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்தாள். முதல் நாள் சாயங்காலமே அலமாரி வாரியாகப் புத்தகங்களைப் பழைய புடவைக் கிழிசலால் கட்டி வைத்தோம்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வேதசிரோமணி ஐயா வீட்டு வாசலிலிருந்து தெருக்கோடி வரை சைக்கிள் வரிசை. முன்கம்பியில் கட்டு, கேரியரில் கட்டு, சாப்பாட்டுப் பையோடு ஒரு கட்டு. சாம்பசிவன் அன்றைக்குப் பெண்களை வீட்டில் விட்டுவிட்டு இரண்டு நடை அடித்தார். ஸ்டாண்டில் கங்கம்மா ஒரு கையால் சைக்கிளை வாங்க, நான் மறுபக்கம் கட்டை வாங்கி அடுக்கினேன். பீரோக்களும் பெஞ்சுகளும் மத்தியானம் கங்கம்மா யாரிடமோ ஓசியாகக் கேட்டு வாங்கிய ஒரு மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தன. காலையில் ஐயா டிபன் பாக்ஸோடு தன் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாராம். வழக்கமாகப் பிடிக்கும் டிரெயினை அன்றைக்கு விட்டுவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பத்து வருஷமாகிறது, லைப்ரரி இன்னும் அங்கேதான் இருக்கிறது. இப்போது இரண்டு அறை. ஆனால் நான் சொல்ல வந்தது அந்த முதல் ஞாயிற்றுக்கிழமையை.

ஆராதனை முடிந்ததும் நான் நேராக ஸ்டாண்டுக்கு ஓடினேன். கோயிலை ஒட்டி இருந்தபோது எட்டிப் பார்த்த சபைக்காரர்கள் இவ்வளவு தூரம் வருவார்களோ என்று எனக்கு உள்ளூரப் பயம். வந்தார்கள். வேதாகமத்தை ஒரு கையிலும் திருப்பித் தர வேண்டிய புத்தகத்தை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு வந்தார்கள். ஸ்டாண்டு நிறைந்து கங்கம்மா தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். அப்போது வேதசிரோமணி ஐயா சைக்கிளில் வந்து இறங்கினார். கோட்டு, தொப்பி எல்லாம் ஆராதனைக்குப் போட்டது. கங்கம்மா அவர் கையிலும் ஒரு டோக்கனைத் திணித்தாள்.

ஐயா நேராக அண்ணியின் மேசைக்குப் போனார். அவர் தன் உறுப்பினர் அட்டையை மேசைமேல் வைத்தார்.

"என் பேரை எடுத்துடும்மா."

அண்ணி முகம் மாறவில்லை. "சரிங்கய்யா. உங்க பேர்ல ஒரு புத்தகம் வெளிய இருக்கு. அதைக் கொடுத்துட்டா எடுத்துடலாம்."

"அது வீட்டுல இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னும் முடிக்கல" என்றார்.

"அவசரமில்லைங்கய்யா. முடிச்சிட்டே கொண்டு வாங்க."

"எப்ப வர்றது? நான் வண்டி ஏறும்போது நீ திறந்திருக்க மாட்ட. இறங்கும்போது பூட்டிட்டுப் போயிருப்ப."

முன்கட்டில் லைப்ரரி இருந்தவரை அவருக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. அவர் மனைவி உள்ளேயிருந்து நாலடி நடந்து வந்து வாங்கிப் போவார். மூட்டுவலிக்காரி, ஸ்டேஷன் வரை அவரால் வர முடியாது.

"சனிக்கிழமை உங்களுக்கு அரை நாள்தானேய்யா?"

"சனிக்கிழமை சாயங்காலம் கமிட்டி."

"ஆமாம், மறந்துட்டேன்" என்றாள் அண்ணி. வெள்ளிக்கிழமை லீவு என்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மீதி இருந்த நாள் எது என்பது அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. சாம்பசிவன் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். நான் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. அவருக்காகக் காத்திருந்தாள்.

ஐயா மேசைமேல் கிடந்த அட்டையைப் பார்த்தார். அலமாரிகளைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த சபைப் பிள்ளைகளைப் பார்த்தார். அட்டையை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"அடுத்த ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் வர்றேன்" என்றார். "திறந்திருப்பியா?"

"திறந்திருப்பேங்கய்யா" என்றாள் அண்ணி.