சிங்கப்பூருக்குப் போன ஓடிபி

லின்சி இன்ஜினியரிங் படித்தது குடவாசல் பக்கம் ஒரு வயலில். கல்லூரி கட்டி முடித்த பிறகும் அது வயல்தான். மழைக்காலத்தில் மாணவர்களைவிடத் தவளைகளே ஒழுங்காக வகுப்புக்கு வந்தன. பட்டம் வாங்கியவள் சென்னைக்குப் போனாள், யூஎக்ஸ் டிசைன் பழகினாள். மனிதர்கள் போனில் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று பார்த்துத் திருத்துகிற வேலை. “மனிதனே மையம்” என்று அலுவலகச் சுவரில் எழுதியிருந்தது. சுவருக்குக் கீழே இருந்த மனிதர்கள் எல்லார் காதிலும் ஹெட்போன்.

அவளோடு பேசியது ஊரில் தனியாக இருந்த அப்பா ஜோசப்ராஜ் மட்டும். அதுவும் பாசத்தால் என்று சொல்ல முடியாது. கேஸ், ரேஷன், பேங்க் எல்லாவற்றுக்கும் அவர் மகள் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்.

“நம்பர் வந்துச்சாம்மா?”

வந்த ஓடிபியைச் சொல்வாள். “சாப்டியா?” என்பார். வைத்துவிடுவார்.

கம்பெனியின் புதிய செயலியில் அறுப்பு மிஷினுக்குப் பதிவு செய்யலாம். டெல்டா விவசாயிகள் ஓடிபி கேட்கும் இடம்வரை வந்தார்கள், நின்றுவிட்டார்கள். படிப்பறிவு போதாது என்று கூட்டத்தில் முடிவாயிற்று.

“உங்க ஊர்தானே, போய்ப் பாரு. காரணம் கண்டுபிடிச்சா வேலை நிரந்தரம்” என்றாள் மேலதிகாரி சான்ட்ரா. கண்டுபிடிக்காவிட்டால் என்ன என்பதை ஆங்கிலத்தில், மிக மரியாதையாகச் சொன்னாள்.

ஊரில் சம்பா நெல் முற்றிச் சாய்ந்துகொண்டிருந்தது. பக்கத்து வயல் மருதையன் வரப்பில் உட்கார்ந்து போனை முறைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன பெரியப்பா, நம்பர் வரலியா?”

“எனக்கு எப்படி வரும்? அன்பரசன் நம்பரைல்ல குடுத்திருக்கேன். வீட்ல வெவரமான ஆளு அவன்தானே.”

மகன் அன்பரசன் சிங்கப்பூரில், கப்பல் பட்டறையில். வேலை முடிந்து அவன் போனை எடுப்பதற்குள் ஓடிபி காலாவதி. எந்த நாட்டு எண்ணையும் ஏற்றுக்கொள்ளும் தாராள மனசு அந்தச் செயலிக்கு.

லின்சி சிரித்தாள். அப்புறம் அப்பாவின் ஓடிபியெல்லாம் வந்து விழும் தன் போனை நினைத்துக்கொண்டாள்.

“இப்போது உங்கள் கையில் இருக்கும் போனின் எண் எது?” என்று செயலி கேட்கும்படி மாற்றினாள். ஓடிபி அதற்கே வரும், செயலியே படித்துக்கொள்ளும். அதே உற்சாகத்தில் அப்பாவின் கேஸையும் ரேஷனையும் பேங்க்கையும் அவர் நம்பருக்கே மாற்றிக் கொடுத்தாள். பதிவுகள் குவிந்தன. வேலை நிரந்தரமானது. சான்ட்ரா கைதட்டும் பொம்மை ஒன்று அனுப்பினாள்.

அறுப்பு முடிந்து மருதையன் போனில் கூப்பிட்டார்.

“மிஷின் டாண்ணு வந்துச்சும்மா. அன்பரசன்தான் பேசியே நாளாச்சு. முன்னெல்லாம் நேரம் போன நம்பரச் சொல்லவாச்சும் கூப்புடுவான், நாலு வார்த்த திட்டுவான். திட்டுனாலும் கொரல் கேக்கும்ல?”

“நீங்க கூப்பிடுங்களேன் பெரியப்பா.”

“என்னான்னு சொல்லிக் கூப்புடுறது?”

இந்தக் குறையைத் திருத்தப் பட்டன் எதுவும் லின்சிக்குத் தெரியவில்லை. அப்பாவும் கூப்பிடுவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சென்னை ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்தபடி அவளே கூப்பிட்டாள்.

“என்னம்மா, எதும் நம்பர் வந்துச்சா?”

“இல்லப்பா. சும்மாதான்.”

“சும்மாவா? வேல போயிடுச்சா?”

“நிரந்தரம் ஆயிடுச்சுப்பா.”

“அப்பறம் என்ன?”

அந்தப் பக்கம் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

“சரி, வச்சிடவா?”

“இருங்கப்பா” என்றாள். அவரும் போனை வைக்காமல் இருந்தார்.