ஆபீசர் வரவில்லை

எங்கள் தோட்டத்தில் இதுவரை யாரும் பெயிலானதில்லை. மலையில் தேயிலை போட்ட காலத்திலிருந்தே அப்படித்தான் என்று நினைக்கிறேன். பிள்ளைக்குக் கணக்குப் பரீட்சை போனால், பேப்பர் திருத்தியவருக்குக் கண் சரியில்லை. இண்டர்வியூவுக்குப் போய்வந்தால், அங்கே ஏற்கெனவே அவர்கள் ஆளைப் போட்டுவிட்டார்கள். கடை வைத்து மூடினால், கண்பட்டுவிட்டது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். எங்கள் ஆனைகள் சறுக்கினால் குற்றம் தரையுடையது.

இதற்கெல்லாம் தலைமையிடம் எங்கள் சபை. ஞாயிறு ஆராதனையில் பிரசங்கம் முடிந்ததும் சாட்சி சொல்லும் நேரம் வரும். நன்மை பெற்றவர்கள் எழுந்து நின்று அதைச் சொல்லி ஸ்தோத்திரம் செலுத்த வேண்டும். மகனுக்கு யுனிவர்சிட்டியில் இடம், மருமகனுக்குச் சிங்கப்பூரில் வேலை, வீட்டுக்குப் புது கார் என்று எல்லாம் ஜெயமாகவே இருக்கும். தோற்றவர்களுக்கு அன்றைக்கு மட்டும் காய்ச்சல் வந்துவிடும். கடவுள் பாஸானவர்களோடு மட்டும்தான் பேச்சு வைத்திருக்கிறார் என்று சிறுவயதில் உறுதியாக நம்பினேன். நாற்பதைத் தாண்டியும் அந்த நம்பிக்கை முழுதாகப் போகவில்லை.

அப்படிப்பட்ட தோட்டத்திலிருந்து நான் வண்டி லைசென்ஸ் எடுக்கப் புறப்பட்டேன்.

ஆசைக்காக இல்லை. பக்கத்து ஊரான திரிங்காப்பில் ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் நான் சமையல் ஆள். அதை எடுத்து நடத்திய அம்மாளுக்கு முழங்கால் வலி, வருஷக் கடைசியோடு விட்டுவிடுகிறேன் என்றார். நீயே எடுத்துக்கொள், என் வேனையும் தருகிறேன், ஆனால் காலையில் சாமான் ஏற்றிவர உன் பக்கத்து ஆளாகவே ஓட்ட ஒருவர் வேண்டும், கண்டவனை நம்பி வேனைக் கொடுக்க மாட்டேன் என்றார். என் வீட்டுக்காரருக்கு ஃபேக்டரியில் காலை ஷிப்ட். ஆகவே நான்தான் ஓட்ட வேண்டும். பள்ளி திறப்பதற்குள் லைசென்ஸ் வராவிட்டால் கேண்டீன் வேறு ஆளுக்குப் போய்விடும். இத்தனை வருஷம் அடுத்தவர் சட்டியைக் கிளறியவளுக்கு முதல் தடவையாகத் தன் சட்டி என்று ஒன்று வாய்த்திருந்தது.

சோதனை மலைக்குக் கீழே, சமவெளியில். அங்கே புக்கிட் என்று ஒன்று கட்டி வைத்திருக்கிறார்கள். மலாயில் குன்று என்று பொருள். எங்களூர்க் கண்ணுக்கு அது சிமெண்டில் செய்த ஒரு வீக்கம், அவ்வளவுதான். அதன் நடுவில் கோட்டில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி ஏற்ற வேண்டும். நான் பிறந்ததே சரிவில். நடை பழகியது, வழுக்கி விழுந்தது, குடித்தனம் நடத்துவது எல்லாம் சரிவில். அந்தச் சோதனை மைதானத்தைப்போல அவ்வளவு பெரிய சமதரையை நான் அதிகம் பார்த்ததில்லை. அதிலிருந்த ஒரே மேட்டில் என் வண்டி பின்னால் உருண்டது. ஆபீசர் நல்ல மனுஷர், இன்னொரு நாள் வாருங்கள் என்று மலாயில் மெதுவாகச் சொன்னார்.

வீடு திரும்பியபோது எங்கள் லைன் வீட்டு வரிசையே வாசலில் நின்றது. போன ஞாயிறு எனக்காக ஜெபம் நடந்திருந்தது. சபையின் வாட்சாப் குழுவில் கைகூப்பிய படங்கள் குவிந்திருந்தன. கீழேயிருந்தே போனில் அழுது என் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"ஆபீசர் வரல. ஒடம்பு சரியில்லையாம்."

அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு வந்த அன்பு கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

விஷயம் அதோடு போயிருக்கும். ஆனால் எங்கள் போதகர் கடமை தவறாதவர். அடுத்த ஞாயிறு, முகமறியாத அந்த ஆபீசரின் உடல்நலத்துக்காகச் சபையார் அத்தனை பேரையும் முழங்காலில் நிற்க வைத்தார். ஒரு நோயும் இல்லாத மனுஷருக்காக நானும் ஆமென் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.

இரண்டாம் தடவையும் அதே மேடு, அதே உருளல். இந்தத் தடவை கம்ப்யூட்டர் கெட்டுப்போனது. நல்லவேளை, கம்ப்யூட்டருக்காக ஜெபிக்கும் வழக்கம் எங்கள் சபைக்கு இன்னும் வரவில்லை.

சோறு வடிக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் கிளட்சைப் பற்றி யோசித்தேனா என்றால் இல்லை. மூன்றாவது தடவை பெயிலானால் என்ன காரணம் சொல்வது என்றுதான் யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. அதனால் சோதனைக்குப் பதியாமல் நாளைக் கடத்தினேன். கேண்டீன் அம்மாள் என்ன ஆச்சு என்று கேட்டால் வெங்காயம் உரிக்கப் போய்விடுவேன்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பெண் துணி காயப்போடும் இடத்தில் என்னைப் பிடித்தாள். என்னைவிட இளையவள், கியா பார்ம் சந்தையில் கடையொன்றில் ஸ்ட்ராபெரி விற்கிறாள். அவளும் வண்டி பழகியிருந்தாள். ஆனால் சோதனை நாள் வந்தாலே வாந்தி எடுத்துப் போகாமல் இருந்துவிடுவாள். ஏன் என்று கேட்டேன்.

"பயமா இருக்குக்கா. நம்ம தோட்டத்துல யாரும் பெயிலானதே இல்ல. நான் போயி பெயிலானா, நான்தான் மொத ஆளு."

எனக்குச் சுருக்கென்றது. நான் இரண்டு தடவை பெயில் என்று சொல்லிவிட்டேன். அவள் சிரித்தாள்.

"சும்மா ஆறுதலுக்குச் சொல்லாதீங்கக்கா. ஆபீசருக்கு ஒடம்பு சரியில்லன்னு பாஸ்டரே ஜெபம் பண்ணாரு லா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஒரு சபையே சேர்ந்து மறைத்தால் முடியும். தோண்டி எடுப்பதுதான் கஷ்டம். எனக்குக் கோபம் வந்தது. தோட்டம் முழுக்கக் கூடிக் கட்டிய ஒரு பொய்யை நம்பி, இந்தப் பெண் வீட்டில் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பொய்க்கு நானும் மண் சுமந்திருக்கிறேன்.

அந்த ஞாயிறு சாட்சி நேரத்தில் ஒரு வீட்டில் பட்டம், இன்னொரு வீட்டில் பதவி உயர்வு. அடுத்து நான் எழுந்தேன். என் வீட்டுக்காரர் முந்தானையைப் பிடித்து இழுத்தார். நான் உட்காரவில்லை.

"லைசென்ஸ் டெஸ்ட்ல நான் ரெண்டு தடவ பெயிலாயிட்டேன். ஆபீசர் வந்திருந்தாரு, நல்லாத்தான் இருந்தாரு. கம்ப்யூட்டரும் நல்லாத்தான் இருந்துச்சு. வண்டிதான் பின்னால உருண்டுருச்சு. ஸ்தோத்திரம்."

கைதட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. கீபோர்டு வாசிப்பவர் பழக்கதோஷத்தில் ஒரு வெற்றிப் பாட்டை ஆரம்பித்து நடுவில் விட்டுவிட்டார். அந்த அமைதியில், தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற பழைய கிராணி ஒருவர் இருமினார். உட்கார்ந்தபடியே, தானும் மூன்று தடவை பெயில் என்றார். பக்கத்திலிருந்த அவர் மனைவி, நான்கு என்று திருத்தினார்.

பிறகு மடை திறந்துகொண்டது. எங்கள் ஆட்களுக்கு எதிலும் முதலில் நிற்க வேண்டும். ஒருவர் ஐந்து தடவை என்றால் அடுத்தவர் ஆறு என்றார். பாஸானதே இல்லை என்று ஒருவர் பெருமையாகச் சொன்னபோது, அவர் அன்று காலை லோரி ஓட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். போதகர் கடைசியில் சாட்சி நேரத்தைச் சுருக்க வேண்டியதாயிற்று.

மூன்றாவது சோதனைக்கு நானும் அந்தப் பெண்ணும் ஒன்றாக இறங்கினோம். வழியில் அவள் வாந்தி எடுத்தாள். மலைப்பாதை வளைவுகளின்மேல் பழிபோடாமல், பயம்தான் என்றாள். சோதனையில் அவள் பாஸ், நான் பெயில்.

பொறாமையாக இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் வழியிலேயே அவளிடம் பேசிச் சம்மதிக்க வைத்து, வீட்டுக்குப் போகாமல் அவளோடு நேரே கேண்டீன் அம்மாள் வீட்டுக்குப் போய், மறுபடியும் பெயில் என்று வாசலிலேயே சொன்னேன். சட்டி கைநழுவிப்போயிற்று என்றே நினைத்தேன். பிறகு, ஓட்ட இவள் இருக்கிறாள், சமைக்க நான் இருக்கிறேன், இரண்டு பேரும் சேர்ந்து எடுத்துக்கொள்கிறோம் என்றேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இன்னும் எத்தனை தடவை போவாய் என்று என்னைக் கேட்டார். கிடைக்கிறவரை என்றேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், வேன் சாவியோடு வந்தார்.

பள்ளி திறந்த அன்று காலை, அரிசியும் முட்டையும் கோஸும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். திரிங்காப் ஏற்றத்தில் வேன் நின்றுவிட்டது. பின்னால் கோலா தெர்லாவிலிருந்து வந்த காய்கறி லோரிகள் வரிசையாக ஹாரன் அடித்தன. பஸ்ஸுக்கு நின்றவர்களில் பாதிப் பேர் எங்கள் தோட்டத்து ஆட்கள். அவள் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள்.

"அக்கா, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். மறுபடி ஸ்டார்ட் பண்ணு."

வேன் கொஞ்சம் பின்னால் உருண்டது. அப்புறம் ஏறியது.