துணி மடிக்கிற கை

சிரிப்புத் தொடர்களை 'சும்மா பொழுதுபோக்கு' என்று யாராவது தள்ளிவிட்டால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வரும். அழ வைக்க வெங்காயம் போதும். சிரிக்க வைக்க ஆள் வேண்டும்.

அப்போது வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கும் ரூமில் வேலை பார்த்தேன். வெளிச்சம் மங்கினால் மருந்தைத் தொடக் கூடாது என்பதால் எங்களைப் பொழுதோடு அனுப்பிவிடுவார்கள். பேக்கிங்கில் இருப்பவர்களுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. தீபாவளி சீசனில் லோடு ஏறும்வரை நிற்க வேண்டும். எங்கள் ஊரிலிருந்து போனவர்களில் நான் ஒருத்திதான் மருந்து ரூம், மற்ற எல்லாரும் பேக்கிங். ஆகவே புதன்கிழமை ஏழு மணித் தொடரைப் பார்ப்பதும், மறுநாள் காலை கம்பெனி வண்டியில் அதைச் சொல்வதும் என் வேலையாகிப்போனது.

பழைய தொடர் அது, மறுபடி போட்டுக்கொண்டிருந்தார்கள். வாடகை வீட்டில் ஒரு புருஷன், பெண்டாட்டி. புருஷன் வாரம் ஒரு பொய் சொல்லி மாட்டிக்கொள்வான். எல்லாரும் அவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் பார்த்தது மனைவியாக நடித்த அந்த அம்மாளை. அவன் பொய்யைத் தொடங்கியதும் அவள் துவைத்த துணிகளை எடுத்து மடிக்கத் தொடங்குவாள். ஒரு வாரம், தொலைத்த மோதிரத்தைக் காக்கா தூக்கிக்கொண்டு போனதாகச் சொன்னான். அவள் ஒரு சட்டையை மடித்து வைத்துவிட்டு, "காக்கா என்ன நிறம்?" என்று கேட்டாள். அவன் யோசித்தான். அவன் யோசித்த நேரம் முழுக்க அவள் கை நிற்கவில்லை, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

மருந்து அடைக்கிறவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். எங்கள் ரூமில் சிரிப்பு வந்தாலும் அழுகை வந்தாலும் கை நிதானமாகப் போய்க்கொண்டிருக்க வேண்டும், படக்கென்று ஓர் அசைவு கூடாது. அந்த அம்மாள் எங்கள் கம்பெனிக்கு வந்தால் அன்றைக்கே வேலை கிடைக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

வண்டியில் என் பக்கத்தில் லேபிள் ஒட்டும் அக்கா ஒருவர் உட்காருவார். தொடரை ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும், "அவன் கெடக்கான். அந்தப் பொம்பள என்ன செஞ்சா, அதச் சொல்லு" என்பார். அவருக்கு அந்த அம்மாளைத் தெரிந்ததெல்லாம் என் வாய் வழியாகத்தான்.

ஒரு புதன்கிழமை, மனைவி படுத்த படுக்கையாக இருப்பதாகப் புருஷன் ஆபீசில் பொய் சொல்லி லீவு போட்டிருந்தான். மேலதிகாரி ஆப்பிள் பையோடு வீட்டுக்கே வந்துவிட்டார். கதவைத் திறந்தது மனைவி. "இப்ப உடம்பு எப்படிம்மா இருக்கு?" என்று அவர் கேட்டார். அந்த நொடியில் கரண்டு போனது. ஊர் டிரான்ஸ்பார்மரே புகைந்துவிட்டது.

மறுநாள் வண்டியில் அத்தனை முகமும் என்னையே பார்த்தன. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் ஓவென்று அழுதாள், புருஷன் மன்னிப்புக் கேட்டான், அதிகாரியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று அடித்துவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார்.

அன்றைக்கு ரூமில் உட்கார்ந்தபோது எனக்கே என்மேல் ஆத்திரம் வந்தது. அத்தனை வாரம் அசையாத முகத்தை நான் ஒரே வார்த்தையில் அழவைத்துவிட்டேன். அதைவிடப் பெரிய குற்றம், நேரில் பார்க்க வழியில்லாத அக்காவை ஏமாற்றியது. உண்மையான முடிவைப் பார்த்தே தீருவது, பார்த்துவிட்டு வண்டியில் எல்லார் முன்னும் ஒத்துக்கொள்வது என்று தீர்மானித்தேன்.

ஞாயிறு காலை பதினோரு மணிக்கு அதையே மறுபடி போடுவார்கள். சீசனில் ஞாயிறும் வேலை நாள்தான். போர்மேனிடம் லீவு கேட்டேன், முறைத்தார். நானும் முறைத்துக்கொண்டே வாங்கினேன். ஊரில் இன்னும் கரண்டு வரவில்லை. பஸ் பிடித்துச் சாத்தூர் போய், டிவி விற்கிற கடை ஒன்றில் ஏறினேன்.

"என்ன சைஸ் பாக்கீக?" என்றார் கடைக்காரர்.

"வாங்க வரல அண்ணாச்சி. அரை மணி நேரம் ஒரு தொடர் பாக்கணும். வாங்க வந்ததாப் பொய் சொல்லிப் பாக்க வேண்டாம்னுதான் கேக்கேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சுவர் முழுக்க கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. மூலையில் இருந்த சின்ன டிவியில் மட்டும் சேனலை மாற்றினார். "சவுண்டு வைக்க மாட்டேன், பாத்துக்கிடுங்க" என்றார்.

சத்தம் தேவைப்படவில்லை. அதிகாரி கேட்டதும் அவள் புருஷனைப் பார்த்தாள். கையில் பாதி மடித்திருந்த துண்டை முழுசாக மடித்து வைத்தாள். நிதானமாகப் போய்க் கட்டிலில் படுத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்து, புருஷனுக்குத் துணிக்குவியலைக் காட்டினாள். அவன் அதிகாரிக்கு முன்னால் உட்கார்ந்து மடிக்கத் தொடங்கினான். கொஞ்ச நேரத்தில் அதிகாரியும் ஒரு வேட்டியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். திரும்பினால், கடைக்காரரும் சிரித்துக்கொண்டு நின்றார்.

திங்கள்கிழமை வண்டி ஊரைத் தாண்டியதும் எழுந்து நின்றேன். "போன வாரம் நான் சொன்ன முடிவு பொய். கரண்டு போயிருச்சு. நானா கட்டி விட்டேன்" என்றேன். வெட்கமாக இருந்தது.

யாரும் திடுக்கிடவில்லை. அக்கா மட்டும், "அது எங்களுக்கு அன்னைக்கே தெரியும்" என்றார்.

"எப்படிக்கா? நீங்க ஒரு நாளும் பாத்ததில்லையே?"

"அவ அளுவாளாக்கும்? எம்புட்டு வாரமா நீ சொல்லி நாங்க கேக்கோம். அவளத் தெரியாதா எங்களுக்கு?"

"அப்புறம் ஏன் சிரிச்சீக?"

"நீ முளிச்ச முளியப் பாத்து." அக்கா தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கையில் கொடுத்தார். "இப்ப நெசமா அவ செஞ்சதச் செய்யி. ஒண்ணும் சேக்காத."

கம்பி ஒன்றில் சாய்ந்துகொண்டு துண்டை விரித்தேன். வண்டி குலுங்கியது. கை நிற்காமல், முகம் அசையாமல், முதல் மடிப்பை மடித்தேன்.