கூடுதலாக இருந்த பிளேட்லெட்

அந்த ரிப்போர்ட்டில் பிளேட்லெட் என்ற வரிக்கு எதிரே, மேல்நோக்கி ஒரு சின்ன அம்புக்குறி இருந்தது. அதைப் பார்த்துச் சிரித்தவள் நான்தான். முகப்பேரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். டெங்கு காலம் வந்துவிட்டால் எங்களுக்குச் சோறு தண்ணி கிடையாது. "கவுண்ட் ஏறிச்சா?" என்பதுதான் வாசலில் நிற்கிற எல்லோருக்கும் ஒரே கேள்வி. இறங்கினால் அழுகை, ஏறினால் கும்பிடு. கேட்டுக் கேட்டு எனக்கும் அதே புத்தி வந்துவிட்டது.

அம்பத்தூரிலிருந்தும் அயனம்பாக்கத்திலிருந்தும் ரத்த மாதிரிகளை ஆட்டோவில் கொண்டுவரும் அண்ணன் ஒருவர் இருந்தார். வாய் ஓயாது. "இன்னாம்மா, இன்னிக்கு எத்தினி பேரக் குத்துன?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருவார். அன்று அவருக்கே லேசான காய்ச்சல். நான்தான் ரத்தம் எடுத்தேன். ரிப்போர்ட்டை வாங்கும்போது, "காலைல டீ கிளாசப் புட்ச்சிகினு இருந்தேம்மா, அஞ்சு நிமிஷம் கை மரத்துப்போச்சு. அப்பறம் சரியாப் பூட்ச்சு" என்றார். நான் காதில் வாங்கவே இல்லை. "ஊரே பிளேட்லெட் இல்லாம தவிக்குது, உங்களுக்கு வழியுது. டெங்கு உங்க பக்கமே வராது, போங்கண்ணா" என்றேன். பெருமையாகச் சிரித்துக்கொண்டு போனார்.

கவுண்ட் அளவுக்கு மீறிப் போனாலும் ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்து டாக்டரிடம் சொல்ல வேண்டும். இதைப் படித்தவள்தானே நான்! காயம் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டி ரத்தத்தை நிறுத்துவது பிளேட்லெட்டின் வேலை. காயமே இல்லாத ரத்தக்குழாய்க்குள் அவை உசுப்பேறி ஒட்டிக்கொண்டால், அந்தக் கட்டி மூளைக்குப் போகிற வழியை அடைத்துவிடும். கை மரத்தது அதற்கு முன்னறிகுறி. ஒட்டாமல் தடுக்க மாத்திரையும் இருக்கிறது. எல்லாம் பரீட்சையில் எழுதியதுதான். குறைந்தவர்களுக்கெல்லாம் விழுந்தடித்துப் போன் போட்ட நான், கூடியவரிடம் ஜோக் அடித்தேன். சீ, நினைத்தாலே கூசுகிறது.

நான்காம் நாள் ஆட்டோ வரவில்லை. பக்கவாதம் என்றார்கள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது.

இப்போது மாதம் ஒருமுறை அவர் வீட்டுக்கே போய் ரத்தம் எடுக்கிறேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு தடவையும் படியேறுகிறேன். போன மாதம் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அவர் மனைவி, "வேற யாரு வந்தாலும் கையக் குடுக்க மாட்டேன்றாரும்மா. நீ அன்னிக்கு நல்லாப் பாத்துதான் சொன்ன, எங்க தலையெழுத்து இப்டி ஆயிப்போச்சு" என்றார். அண்ணன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி, இடது கையைத் தானாகவே நீட்டினார். அன்றைக்கும் சொல்லாமலேயே ஊசியைக் குத்தினேன்.