தோட்டத்துக்கே ஒரு ஈமெயில்

1. பைச் சாவி

ஹாலிஎலவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, பெரிய கிளாக்கர் என் கையில் ஒரு சின்னச் சாவியைக் கொடுத்தார். தபால் பைச் சாவி. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளுக்கு முகவரி கிடையாது. யாருக்குக் கடிதம் வந்தாலும் தோட்டத்தின் பெயருக்குத்தான் வரும். தபாலாபீசில் பையில் போட்டுப் பூட்டுவார்கள், ஓர் ஆள் சுமந்துகொண்டு மலையேறி வருவார், நான் திறப்பேன். அரசாங்கக் கவர் என்றால் முதலில் துரையின், அதாவது தோட்டத்து மேனேஜரின், மேசைக்குப் போகும். அவர் பார்த்த பிறகுதான் உரியவர் கைக்கு. இதற்குச் சட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் அப்படித்தான் நடந்தது, நானும் அப்படித்தான் நடத்தினேன்.

தொண்ணூறுகளின் நடுவில், மூன்றாம் லயத்து மகாலிங்கம் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தான். எங்கள் தோட்டத்தில் உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணிய முதல் ஆள் அவன். தினமும் ஆபீஸ் ஜன்னலில் வந்து நிற்பான்.

"ஐயா, எனக்கு ஏதும் வந்துச்சுங்களா?"

"வந்தா நான் சொல்ல மாட்டேனா?" என்பேன்.

வந்துதான் இருந்தது. துரை லீவில் போயிருந்தார். அவருடைய ட்ரேயில் கவரை வைத்தவன் நான், வைத்ததை மறந்தவனும் நான். துரை திரும்பி வந்து பார்த்தபோது நேர்முகப் பரீட்சை முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. மகாலிங்கம் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என் பேருதானே ஐயா எழுதியிருக்கு. தொரைக்கு இதுல என்னங்க வேலை?"

துரையிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையைத் தூக்காமல், "அடுத்த வருசம் போகச் சொல்லு கிளாக்கர்" என்றார். அடுத்த வருஷம் அவனுக்கு வயதெல்லை தாண்டிவிட்டது. கொழும்பில் ஒரு மொத்தக் கடையில் மூட்டை தூக்கப் போனான். அன்றிலிருந்து துரையை நினைத்தாலே எனக்கு வயிறு எரியும். என்னை நினைத்து எரியவில்லை என்பதை இப்போது எழுதி வைக்கிறேன்.

2. ஃபரீனாவின் கடை

ஏழெட்டு வருஷம் கழித்து, ஹாலிஎல பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் பேசப் போகும் ஒரு கொமியூனிகேஷன் கடையில் இன்டர்நெட் வந்தது. ஒரே ஒரு கம்ப்யூட்டர். கடையைப் பார்த்துக்கொண்டது ஃபரீனா என்ற பெண். எனக்கோ அப்போது ஐம்பது வயது தாண்டியிருந்தது. மௌசைப் பிடித்தால் அம்புக்குறி திரையை விட்டே ஓடிவிடும். கடையின் முகவரியிலிருந்து அனுப்பிய முதல் ஈமெயிலில் வலது பக்கம் முகவரி, கீழே திகதி, "கனம் ஐயா" எல்லாம் வைத்து அடித்துவிட்டு, இன்றைய தபால் எத்தனை மணிக்குக் கட்டுவார்கள் என்று கேட்டேன். ஃபரீனா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அது அப்பவே போயிட்டு அங்கிள்" என்றாள்.

துரையின் மேசையைத் தொடாமல் ஒரு கடிதம் போகிறது, வருகிறது. உடனே தோட்டத்தின் பெயரிலேயே ஒரு முகவரி திறக்கச் சொன்னேன்.

"ஆளுக்கு ஒண்டு தெறக்கலாம் அங்கிள். காசில்ல."

"எதுக்கும்மா அத்தனை? தோட்டத்துக்கு ஒண்ணு போதும். நான் பாத்துக் குடுத்துடுவேன்."

அவள் இன்னொரு தடவையும் சொல்லிப் பார்த்தாள். நான் கேட்கவில்லை. தோட்டம் என்றால் ஒரு முகவரி, ஒரு பை, ஒரு சாவி. வேறு மாதிரி ஒன்று இருக்க முடியும் என்பதே என் மண்டையில் ஏறவில்லை.

காலையில் பெரட்டுக்களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் கூடியிருந்தபோது அறிவித்தேன். படித்த பிள்ளைகள் விண்ணப்பங்களில் அந்த முகவரியை எழுதத் தொடங்கினார்கள். சனிக்கிழமைதோறும் ஹாலிஎலவுக்குப் போய், வந்ததை பிரின்ட் எடுத்து வருவேன். லயத்து வாசலில் எனக்காக ஆட்கள் காத்து நிற்பார்கள். பிரின்ட் எடுக்கும்போது படிக்காமல் இருக்க முடியுமா? யாருக்கு எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று அவர்களுக்கு முன்பே எனக்குத் தெரியும். அது எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

3. சுகந்தி

மகாலிங்கத்தின் கடைசித் தங்கை சுகந்தி, கொழும்பில் ஒரு நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பயிற்சிக்கு விண்ணப்பித்தாள். தங்குமிடமும் அவர்களே தருவார்கள். அவளும் என் முகவரியைத்தான் கொடுத்திருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை மாதக் கடைசி. சம்பளக் கணக்குச் செக்ரோல் முடிக்க வேண்டியிருந்ததால் நான் ஹாலிஎலவுக்குப் போகவில்லை. அடுத்த சனிக்கிழமை நல்ல மழை, சோம்பல். இடையில் சுகந்தி இரண்டு தடவை ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தாள்.

"ஐயா, எனக்கு ஏதும் வந்துச்சுங்களா?"

"வந்தா நான் சொல்ல மாட்டேனா புள்ள?"

"அப்ப பாஸ்வேர்ட சொல்லுங்க. நானே போயி பாத்துட்டு வர்றேன்."

"அது முடியாது. மத்தவங்க கடுதாசியும் அதுல இருக்கு."

அவள் என்னைப் பார்த்த பார்வை அப்போது எனக்குப் புரியவில்லை. அதற்கும் அடுத்த சனிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு போய் ஈமெயிலைத் திறந்தேன். அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஐந்து நாளுக்குள் பதில் போட்டு உறுதிப்படுத்த வேண்டும். ஈமெயில் வந்து இரண்டு கிழமை ஆகியிருந்தது. கீழே இன்னொன்றும் இருந்தது. பதில் இல்லாததால் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம் என்று இரண்டே வரி.

"இன்னொரு தடவ கேட்டுப் பாக்கலாம் புள்ள" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் துரையின் குரல் என் காதில் கேட்டது.

சுகந்தி அழவில்லை. "எங்க அண்ணனுக்குத் தொரை. எனக்கு நீங்க" என்றாள். "எந்திரிங்க ஐயா."

எழுந்தேன். அவள் உட்கார்ந்தாள். ஃபரீனா பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்க, தன் பெயரிலேயே ஒரு முகவரி திறந்தாள். பாஸ்வேர்ட் அடிக்கும் இடம் வந்ததும் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அந்தப் பக்கம் திரும்புங்க."

ஆபீசில் எனக்கு முப்பது வருஷ சேவை. ஒரு தொழிலாளி வீட்டுப் பெண் சொல்லி நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது அன்றைக்குத்தான். விசைகளைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. யார் மேல் என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. பிறகு தெரிந்தது.

4. சால்வை வேண்டாம்

இத்தனை வருஷம் கழித்து இப்போது, தோட்டத்துக்கு ஈமெயில் கொண்டுவந்தவர் என்று என்னை மேடையேற்றிச் சால்வை போட வருகிறார்கள். வேண்டாம் என்று திட்டி அனுப்புகிறேன். பண்டாரவளையில் ஒரு போன் கடைக்காரர், தோட்டத்துப் பெண்களுக்கு பேஸ்புக் திறந்து கொடுத்து, பாஸ்வேர்டைத் தன் கொப்பியில் எழுதி வைத்துக்கொள்கிறார். ஏன் என்று கேட்டால், "அவங்களுக்கு மறந்துருமுங்க" என்கிறார். அந்தக் கொப்பியைக் கிழித்துப் போடும் அளவுக்கு எனக்கு ஆத்திரம் வந்தது. மறந்தால் மறக்கட்டும், மறுபடி திறந்துகொள்வார்கள். உதவி செய்கிறேன் என்று இன்னொருவர் சாவியைத் தன் மடியில் கட்டிக்கொள்பவன் துரைதான். அவன் லயத்தில் பிறந்தவனாக இருந்தாலும் சரி. நானும் லயத்தில் பிறந்தவன்தான்.

நான் சுவரைப் பார்த்து நின்ற அன்றைக்கே, சுகந்தி தன் முகவரியிலிருந்து அந்த நிறுவனத்துக்கு, அடுத்த பயிற்சியில் இடம் கேட்டு எழுதினாள். அடுத்த கிழமை தனியாக ஹாலிஎலவுக்கு பஸ் ஏறிப் போய், பதில் வந்ததா என்று பார்த்துவிட்டு வந்தாள். பழக்க தோஷம், லயத்து வாசலிலேயே மறித்துக் கேட்டேன்.

"என்ன புள்ள வந்துச்சு?"

"எனக்குத்தான் ஐயா வந்துச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சில மாதம் கழித்து ஒரு காலையில், ஹாலிஎல ஸ்டேஷனில் பெட்டியோடு கொழும்பு ரயிலுக்கு நின்றாள். அந்த ஈமெயிலில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.