கூரைமேல் ஏறிய இரும்பு

அந்த ஜீப் எங்கள் வீட்டுக்கு வந்தபோது கையை உயர்த்தினால் அதன் கூரையைத் தொட முடிந்தது. அடுத்த தீபாவளிக்கு முக்காலி போட்டு ஏறினாலும் எனக்கு எட்டவில்லை. பிள்ளை வளர்ந்தால் சந்தோஷமாக இருக்கும். இது வளர வளர எனக்குப் பயம்தான் வளர்ந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் கணவர் செந்தூலில் ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் ஃபிட்டர். நான் அரசாங்க மருத்துவமனையில் எலும்பு முறிவு வார்டில் நர்ஸ், ஊர் வழக்கில் மிஸ்ஸி. ஏழு வயதில் ஒரு மகள். இரும்பைப் பார்த்தால் அதை என்னவாக ஆக்கலாம் என்று அவர் யோசிப்பார். வண்டியைப் பார்த்தால் அது யாரை என்னவாக ஆக்கும் என்று நான் யோசிப்பேன். நாள் முழுக்கக் கட்டுப் போட்ட கால்களோடு இருப்பவளுக்கு வேறு என்ன தோன்றும்?

நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய ஜீப் அது. ஏதோ ஒரு எஸ்டேட்டில் ஓடி ஓய்ந்து ஏலத்துக்கு வந்தது. அதை அவர் வாங்கியதற்குக் காரணம் கேரி தீவு. அவர் பிறந்தது அங்கே, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில். அவர்கள் குடும்பம் கும்பிடும் அம்மன் கோயில் தோட்டத்தின் கடைசியில், கால்வாய்க் கரையை ஒட்டி இருந்தது. திருவிழா சமயத்தில் எப்படியும் மழை பெய்யும். அன்னதானத்துக்குப் பாத்திரம் ஏற்றிவரும் லோரி வருடம் தவறாமல் கரைமேல் சேற்றில் சிக்கும். ஆண்கள் அண்டாக்களைத் தலையில் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு நடப்பார்கள்.

தோட்டத்திலேயே தங்கிவிட்ட அவருடைய அண்ணன் ஒரு வருடம் பந்தியில் எல்லார் முன்னாலும், "டவுன்ல ரயில் இஞ்சினையே கழட்டி மாட்டுறானாம். ஆத்தா சாமானைக் கொண்டாந்து சேக்க ஒரு வண்டிக்கு வழியில்ல" என்று சொல்லிவிட்டார். விளையாட்டாகத்தான் சொன்னார். என் வீட்டுக்காரர் அன்று ரசத்துக்குக்கூடக் காத்திராமல் இலையை மூடிவிட்டு எழுந்தார். எனக்கு அப்போதே தெரியும், இது சும்மா போகாது என்று.

முதலில் வண்டியைத் தூக்கினார். சக்கரத்துக்கு மேலே இருக்கும் பட்டை ஸ்பிரிங்குகளைத் தாங்கும் கொக்கிகளை நீளமாக அடித்து மாற்றினார். லோரி டயர் போட்டார். அதன் பிறகு முன்பக்கம் மாடு முட்டினாலும் அசையாத ஒரு கம்பி வேலி. ஒவ்வொரு இரும்பு ஏறியதும் குவார்ட்டர்ஸ் பக்கத்துக் கோயில் வாசலுக்கு ஓட்டிப்போய் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு வருவார். குருக்களே ஒருமுறை, "இன்னும் முடியலையா?" என்று கேட்டதாக அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

கடைசியாக வந்தது கேரியர். அண்டாக்களும் மூட்டைகளும் கூரைமேல் போக வேண்டும் அல்லவா? பட்டறையில் அவரோடு வேலை பார்த்த வெல்டர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருவார். என்னை அண்ணி என்பார், நல்ல மனிதர். இருவரும் பின்சந்தில் ஒரு மாதத்துக்கும் மேல் அதைக் கட்டினார்கள்.

ரயில்வே ஆட்கள் எதைச் செய்தாலும் ரயிலுக்குச் செய்வது போலத்தான் செய்வார்கள். எங்கள் வீட்டுத் துணிக்கொடிக் கம்பம் தண்டவாளத் துண்டு. மகளின் ஊஞ்சலில் யானையை உட்கார வைக்கலாம். பட்டறையில் அவர்களுக்கு ஒரே பயம்தான்: செய்த பொருள் ஓடும்போது உடையக் கூடாது. உடைந்தால் அவமானம், ஆயுசுக்கும் பேச்சு. கனமாக இருந்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். தண்டவாளத்தில் போகும் பெட்டிக்குக் கனம் ஒரு குறையே இல்லை. ஆகவே மற்றவர்கள் மெல்லிய குழாயில் செய்யும் கேரியரை இவர்கள் தடித்த ஆங்கிள் இரும்பில் செய்தார்கள். அதற்குக் கால்கள் வைத்து, கூரையைத் தொடாமல் நேரே வண்டியின் அடிச்சட்டத்தோடு சேர்த்துப் பற்றவைத்தார்கள். அதை மேலே ஏற்ற குவார்ட்டர்ஸ் ஆண்கள் எல்லாரும் வர வேண்டியிருந்தது.

ஏற்றிய அன்று என் சமையலறை ஜன்னலில் வெளிச்சம் போய்விட்டது. பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு வெங்காயம் நறுக்கினேன்.

மறுவாரம் சோதனை. பட்டறை நண்பர்கள் வரிசையாகக் கேரியர்மேல் ஏறி நின்று குதித்தார்கள். யாரோ போட்டோ எடுத்தார்கள். "ஒரு முனகல் இல்ல பாருங்க அண்ணி" என்றார் வெல்டர். கேரியர் முனகவில்லைதான். எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கீழே பார்த்தேன். அவர்கள் ஒரு பக்கமாக நகர்ந்தபோதெல்லாம் அந்தப் பக்கத்து டயர் பிதுங்கி, வண்டி அவர்களோடு சேர்ந்து சாய்ந்தது. பிறகு யோசித்து யோசித்துத்தான் நிமிர்ந்தது.

அன்று ராத்திரி சாப்பாடு போடும்போது சொன்னேன்.

"என்னங்க, வார்டுல டிரிப் ஸ்டாண்ட் இருக்கில்ல? ஒரு பாட்டில் மாட்டுனா நிக்கும். மேல ரெண்டு, மூணுன்னு மாட்டிட்டு லேசா இழுத்தா பொத்துன்னு சாஞ்சிரும். உங்க வண்டி அப்படித்தான் நிக்குது."

"டிரிப் ஸ்டாண்டும் ஜீப்பும் ஒண்ணா? கேரியர் ஒடஞ்சிருமான்னு கேளு, பதில் சொல்றேன்."

"ஒடையும்னு நான் சொல்லல. கவுந்துரும்னு சொல்றேன்."

"நீ நாள் பூரா கை கால் முறிஞ்சவனையே பாக்குற. உனக்கு எல்லாமே அப்படித்தான் தெரியும்லா" என்று சொல்லி, குழம்பு நன்றாக இருக்கிறது என்றார். என் வாயை அடைக்க அவருக்குத் தெரிந்த வழி அது. எனக்கு ஆத்திரமாக வந்தது. இந்த மனிதரை அந்த வண்டி என்னிடம் முழுசாகத் திருப்பித் தராது என்று எனக்குள் ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. அதை அவருக்குப் புரியவைக்க என்னிடம் ஒரு டிரிப் ஸ்டாண்டுதான் இருந்தது.

அதற்குப் பிறகு ஒரே ஒருமுறை அதில் ஏறினேன். காலியான கேரியரோடு பாசாருக்கு மீன், காய்கறி வாங்கப் போனோம். ரயில்பாதைப் பாலம் தாண்டி வரும் வளைவில் என் பக்கத்துக் கதவு ரோட்டைப் பார்த்துக் குனிந்தது. மகள் சிரித்தாள், ராட்டினம் என்று நினைத்துக்கொண்டாள். அவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன். அவருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் பட்டறையே பார்த்துக் கைதட்டிய பொருளை ரம்பத்தால் அறுத்து இறக்க ஓர் ஆணால் முடியுமா? திரும்பி வரும்போது மீனையும் காய்கறியையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பக்கத்து வீட்டுக்காரி சண்டையா என்று கேட்டாள். ஆமாம், ஜீப்போடு என்றேன்.

திருவிழா வந்தது. இரண்டு நாளாக விடாத மழை. அவரும் வெல்டரும் காலையில் புறப்பட்டு, கிள்ளானில் வாடகைப் பாத்திரக் கடையில் அண்டாக்களை ஏற்றிக்கொண்டு தீவுக்குப் போவதாக ஏற்பாடு. எனக்குக் காலை டியூட்டி. முடிந்ததும் மகளோடு பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் மகள் பாவாடை கட்டிக்கொண்டு ஜீப்பின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நான் போய் அவளை இறக்கினேன். அவள் கத்தினாள்.

"ஏன் இறக்குற? என் மேல நம்பிக்கை இல்லியா உனக்கு?" என்றார் அவர், வெல்டர் முன்னால்.

"உங்க மேல இருக்குங்க. இது மேல இல்ல."

அவர் வண்டியை எடுத்தார். சந்து முனையில் அந்தக் கேரியர் மரக்கிளை ஒன்றை முறித்துக்கொண்டு போனது. மகள் அன்று பக்கத்து வீட்டில் என்மேல் கோபமாகவே இருந்தாள்.

மத்தியானம் வார்டுக்குப் போன் வந்தது. வார்டுப் பொறுப்பில் இருந்த சிஸ்டர் எடுத்துப் பேசிவிட்டு, கிள்ளானிலிருந்து ஒரு முதுகுத்தண்டு கேஸை அனுப்புகிறார்கள், கட்டில் தயார் பண்ணு என்றார். மெத்தைக்கு அடியில் பலகை போட்டேன். விரிப்பைச் சுருக்கம் இல்லாமல் இழுத்துக் கட்டினேன். பக்கத்தில் புது டிரிப் ஸ்டாண்டைக் கொண்டுவந்து வைத்தேன். யாரோ ஒரு பாவம் என்றுதான் எல்லாம் செய்தேன். டிராலி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது படுத்திருப்பவரின் முகத்தை நான் பார்க்கவில்லை. அதன் பின்னால் இடுப்புவரை சேறோடு நடந்து வந்த வெல்டரைத்தான் முதலில் பார்த்தேன். அவர் என்னைக் கண்டதும் நின்றுவிட்டார்.

என்ன நடந்தது என்று அவர்தான் சொன்னார். வழக்கம்போல ஒரு லோரி கரைமேல் சிக்கி வழியை அடைத்திருக்கிறது. ஜனங்கள் பாத்திரங்களோடு நின்றிருக்கிறார்கள், அண்ணனும் நின்றிருக்கிறார். ஜீப் சேற்றில் கொஞ்சமும் தயங்காமல் வந்ததைப் பார்த்து எல்லாரும் கைதட்டியிருக்கிறார்கள். லோரியைத் தாண்டிப்போக இவர் ஸ்டியரிங்கைக் கரையின் ஓரமாக ஒடித்தார். வெல்டர் இறங்கி முன்னால் நடந்து வழி காட்டிக்கொண்டிருந்தார்.

"வலது பக்கம் ஒரு சாண்தான் அண்ணி எறங்குச்சு. வேற ஜீப்பா இருந்தா அப்படியே நின்னுருக்கும். இது கொஞ்ச நேரம் நின்னுச்சு. பெறகு மெதுவா... தூங்குற ஆளு பொரண்டு படுக்குற மாதிரி கால்வாய்ப் பக்கம் படுத்துருச்சு."

என் வீட்டுக்காரர் கதவு வழியாக வெளியே விழுந்திருக்கிறார். கேரியரின் விளிம்பு இடுப்பின்மேல் இறங்கியிருக்கிறது. திருவிழாவுக்கு வந்த கூட்டமே சேர்ந்து அதைத் தூக்க வேண்டியிருந்தது. சொல்லி முடித்துவிட்டு வெல்டர் அழுதார். அழுது ஓய்ந்த பிறகு, அந்தக் கலவரத்திலும் தன் கண்ணால் பார்த்த ஒன்றை எனக்கு ஆறுதல் போலச் சொன்னார்: "வெல்டிங் ஒரு எடத்துலகூட விடல அண்ணி." நான் அவரை வீட்டுக்குப் போய்க் குளிக்கச் சொன்னேன்.

என் வார்டிலேயே என் கணவர் கிடந்தார். காலில் ஊசியால் குத்திப் பார்க்கும் சோதனையை டாக்டர் செய்தபோது நான் கட்டிலருகே நின்றேன். முடிவை யாரும் எனக்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வலி மருந்தின் மயக்கம் தெளிந்து நிதானமாகப் பேச ஆரம்பித்த அன்று அவர் என் கையைப் பிடித்தார். பிள்ளையைப் பற்றிக் கேட்பார், கால்களைப் பற்றிக் கேட்பார் என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"கேரியர் ஒடஞ்சிருச்சா?" என்றார்.

"இல்ல."

அவர் முகம் தெளிந்தது. லேசாகச் சிரிக்கவும் செய்தார். "நான்தான் சொன்னேன்ல" என்றார்.

அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் இருந்த பிரியமும் கோபமும் ஒன்றாக வந்தன. எத்தனையோ நோயாளிகளிடம் பக்குவமாகப் பேசியவளுக்கு, கட்டிய புருஷனிடம் அப்படிப் பேச வரவில்லை.

"சாஞ்சப்பவே அது ஒடஞ்சு தனியா கால்வாய்ல விழுந்திருந்தா வண்டி மேலேயே நின்னுருக்கும்ங்க. நீங்க எறங்கி நடந்து வந்திருப்பீங்க."

அவர் கண்ணைக் கூரைக்குத் திருப்பினார். சிரிப்பு போயிருந்தது. பிறகு என்னைப் பார்க்காமல், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்க வேண்டும் என்றார். நானும் இன்னொரு நர்ஸும் சேர்ந்து அவரைத் திருப்பிப் படுக்க வைத்தோம்.